வலைத்தளம் மாறியதும் தேடலில் மறைந்த கல்சட்டிக் கடை: ஒரு நிகழ்வு ஆய்வு

சேலம் பக்கம் கல்சட்டியும் இரும்புச் சாமானும் விற்கும் ஒரு குடும்பம் 2024 மார்ச்சில் தன் வலைத்தளத்தைப் புது வடிவத்துக்கு மாற்றியது. மாற்றிய சில வாரங்களில் கூகுள் தேடல் வழியாக வருகிறவர்கள் பாதிக்கும் கீழே குறைந்துவிட்டார்கள். ஏன் குறைந்தார்கள் என்பதற்கு அவர்களிடம் சொல்லப்பட்ட காரணம் வேறு, உள்ளே இருந்த காரணம் வேறு. தமிழில் தளம் நடத்துகிற பலருக்கு இதே சிக்கல் வரும் வாய்ப்பு அதிகம், குறிப்பாகத் தமிழ் எழுத்திலேயே பக்க முகவரி வைத்திருப்பவர்களுக்கு. அதனால் முழுதாக எழுதி வைக்கிறேன். குடும்பத்தின் பெயரும் தளத்தைச் செய்து கொடுத்த நிறுவனத்தின் பெயரும் இங்கே தேவையில்லை.

பின்னணி

கடை இரண்டு தலைமுறையாக நடக்கிறது. மாக்கல்லைக் கடைந்து சட்டி செய்கிற குடும்பங்களிடமிருந்து நேரடியாக வாங்கி, பார்த்துப் பார்த்துப் பொறுக்கி விற்பார்கள். இணையத்துக்குக் கொண்டுவந்தது மருமகள். தளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் எளிமையான தளம் ஒன்றைத் தானே அமைத்தார், ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான்.

தளத்துக்கு ஆட்களைக் கொண்டுவந்தது விற்பனைப் பக்கங்கள் அல்ல, கட்டுரைகள். மாமியார் சொல்லச் சொல்ல மருமகள் எழுதியவை அவை. புதுக் கல்சட்டியை வாங்கி வந்த அன்றே அடுப்பில் வைத்தால் வெடித்துவிடும், அதைப் பழக்க வேண்டும். எண்ணெயும் மஞ்சள்தூளும் தடவி வைப்பது, பிறகு சில நாட்கள் சூடான வடிகஞ்சி ஊற்றி வைப்பது, அப்புறம் சிறு தீயில் ஆரம்பிப்பது என்று ஒவ்வொரு படியையும், எந்தப் படியில் எல்லாரும் அவசரப்படுகிறார்கள் என்பதையும் சேர்த்து எழுதியிருந்தார்கள். இண்டக்‌ஷன் அடுப்பில் வைக்கலாமா, சூடாக இருக்கும்போது தண்ணீர் விட்டால் என்ன ஆகும், மயிரிழை போல ஒரு கோடு தெரிகிறதே அது விரிசலா கல்லின் ரேகையா, இரும்புக் கடாயில் துரு வந்தால் எப்படித் தேய்ப்பது. கடைக்கு வந்தவர்களும் போனில் பேசியவர்களும் கேட்ட கேள்விகள்தான் எல்லாம். இப்படி நாற்பதுக்கும் கொஞ்சம் கூடுதலான கட்டுரைகள். கேள்விக்குப் பதில் தேடி வந்தவர்களில் ஒரு பகுதியினர் அப்படியே சட்டியும் வாங்கினார்கள்.

இதை வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தக் கட்டுரைகள் வேறு எங்கும் கிடைக்காதவை. தேடுபொறித் தரவரிசைக்காக யாரும் திட்டமிட்டு எழுதியவை அல்ல, ஆனால் தரவரிசைக்கு அதைவிட நல்ல அடிப்படை கிடையாது.

மாற்றமும் அதற்கான காரணமும்

ஆர்டர்கள் கூடக் கூட வாட்ஸ்அப்பில் கணக்கு வைப்பது சிரமமாகிவிட்டது. யார் பணம் அனுப்பினார்கள், எதை எப்போது பார்சல் போட்டோம் என்பதே குழப்பம். தளத்திலேயே பணம் கட்டும் வசதி வேண்டும் என்பது நியாயமான தேவை. ஒரு நிறுவனம் வேலையை எடுத்துக்கொண்டது. மாத வாடகைக்குக் கிடைக்கும் ஆயத்தக் கடைத் தளம் ஒன்றுக்கு எல்லாவற்றையும் மாற்றினார்கள். மார்ச் இரண்டாம் வாரத்தில் புதுத் தளம் வந்தது. பார்க்க அழகாக இருந்தது, பணம் கட்டுவதும் எளிதாக இருந்தது, வீட்டில் எல்லாருக்கும் திருப்தி.

அந்தத் தளத்துக்கு ஒரு கட்டாயம் உண்டு. கட்டுரைக்கும் பொருளுக்கும் முகவரியின் நடுவில் அதுவே சில சொற்களைச் சேர்த்துக்கொள்ளும், அதை மாற்ற முடியாது. ஆக, முகப்புப் பக்கத்தைத் தவிர அநேகமாக எல்லாப் பக்கங்களின் முகவரியும் ஒரே இரவில் மாறிப்போனது.

சரிவும் முதலில் சொல்லப்பட்ட காரணமும்

ஏப்ரல் தொடக்கத்தில் மருமகள் கவனித்தார். கேள்வி கேட்டு வரும் வாட்ஸ்அப் செய்திகள் குறைந்திருந்தன. நிறுவனத்திடம் கேட்டபோது, கூகுள் அப்டேட் நடக்கிறது, எல்லாத் தளத்துக்கும் அடி, கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்றார்கள்.

இதை முழுப் பொய் என்று சொல்லிவிட முடியாது. கூகுள் 2024 மார்ச் 5ஆம் தேதி பக்கங்களை வரிசைப்படுத்தும் முறையில் ஒரு பெரிய அடிப்படைப் புதுப்பிப்பைத் தொடங்கியது, ஏப்ரல் 19 வரை அது நீடித்தது. அத்தனை நாட்கள் நீடிப்பது வழக்கத்துக்கு மாறானது, பல தளங்கள் அதில் சரிந்ததும் உண்மை. தளம் மாறியதும் அதே நாட்களில் என்பதால் இரண்டு காரணங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துவிட்டன.

கொஞ்ச நாளில் சரியாகவில்லை. அடுத்ததாக நிறுவனம் ஒரு மாதாந்திரத் திட்டத்தை நீட்டியது: மாதாமாதம் இத்தனை பேக்லிங்க் (பிற தளங்களிலிருந்து வரும் இணைப்பு), கணினியால் எழுதிய இத்தனை கட்டுரைகள், முக்கியமான சொற்களுக்கு முதல் பக்கத்தில் இடம் உத்தரவாதம். முதல் தவணையையும் வீட்டுக்காரர்கள் கட்டிவிட்டார்கள். தரவரிசையில் முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் உதவிப் பக்கங்களில் எழுதி வைத்திருக்கிறது. வியாபாரம் சரிகிற பதற்றத்தில் இருப்பவருக்கு அதையெல்லாம் தேடிப் படிக்க நேரம் ஏது? அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

மே மாதம் மருமகள் என்னைக் கூப்பிட்டார். "அண்ணா, கல்சட்டி பழக்குறதுன்னு தேடுனா முன்னாடியெல்லாம் நம்மளுதுதான் முதல்ல வரும்ங்க, இப்ப பேரே காணோம்."

முதலில் பார்த்தவை

தளம் கூகுள் தேடலில் எப்படித் தெரிகிறது என்று உரிமையாளருக்குக் காட்டும் கூகுளின் கருவி சர்ச் கன்சோல். நல்ல காலமாக, பழைய தளத்தின் சர்ச் கன்சோல் கணக்கு மருமகளின் சொந்த மின்னஞ்சலில் இருந்தது. சர்ச் கன்சோல் 16 மாத விவரத்தை வைத்திருக்கும். தளம் மாறுவதற்கு முந்தைய ஓராண்டுக்கும் மேலான கணக்கு அப்படியே கையில் இருந்தது. இது இல்லாமல் போயிருந்தால் இந்த ஆய்வில் பாதி ஊகமாகவே நின்றிருக்கும்.

தளம் மொத்தமாகத் தண்டிக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்த்தேன். விதி மீறிய தளங்கள்மேல் கூகுள் ஊழியர்கள் எடுக்கும் தண்டனையைக் காட்டும் கைமுறை நடவடிக்கைப் பகுதி சுத்தமாக இருந்தது. பட்டியலில் சேர்க்காதே என்று சொல்லும் நோஇண்டெக்ஸ் குறி எந்தப் பக்கத்திலும் தங்கிவிடவில்லை, தேடுபொறி எந்தப் பக்கங்களுக்குள் வரலாம் என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பும் எதையும் தடுக்கவில்லை. தளம் மாற்றும்போது பெரும்பாலும் மாட்டிக்கொள்கிற இடங்கள் இவைதான் என்பதால் இவற்றை முதலில் ஒதுக்கிவிடுவது நல்லது.

அடுத்து, மொத்த எண்ணிக்கையை விட்டுவிட்டு, எந்தப் பக்கம் எவ்வளவு இழந்தது என்று பக்கம் பக்கமாக ஒப்பிட்டேன். மாற்றத்துக்கு முந்தைய மூன்று மாதம் ஒரு பக்கம், பிந்தைய காலம் இன்னொரு பக்கம். இழப்பு எல்லாப் பக்கங்களிலும் பரவி இருக்கவில்லை. மொத்த இழப்பில் பெரும்பகுதி பத்துப் பன்னிரண்டு கட்டுரைகளிலிருந்து வந்தது. அவை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கவும் இல்லை, ஒவ்வொன்றும் ஒரு நாளில் அப்படியே அறுந்து விழுந்திருந்தது. அந்த நாளும் பக்கத்துக்குப் பக்கம் வேறு. நிறையப் பேர் வரும் பக்கம் முதலில் விழுந்தது, அதிகம் பேர் வராத பக்கம் இரண்டு மூன்று வாரம் கழித்து விழுந்தது. பக்கம் பக்கமாகப் போய்ப் படிக்கும் கூகுளின் நிரலான ஊர்வி ஒவ்வொரு பழைய முகவரிக்கும் திரும்ப வரும் நாள் வேறு வேறு. பிரபலமான பக்கத்துக்குச் சீக்கிரம் வரும். வந்து பார்த்த அன்று பக்கம் விழுகிறது என்றால், கோளாறு முகவரியில்தான் இருக்க வேண்டும்.

முகப்புப் பக்கம் அசையாமல் நின்றிருந்தது. ஆனால் அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. முகப்புக்கு வருகிறவர்கள் கடையின் பெயரையே தட்டச்சு செய்து வருகிறவர்கள், அவர்களுக்கு எந்தப் புதுப்பிப்பு வந்தாலும் அதே தளம்தான் வரும்.

உறுதியான ஆதாரம் மைக்ரோசாஃப்டின் தேடுபொறியான பிங்கிலிருந்து கிடைத்தது. பிங் வெப்மாஸ்டர் கருவியிலும் மருமகள் எப்போதோ தளத்தைச் சேர்த்து வைத்திருந்தார். அங்கே வருகிறவர்கள் எப்போதும் குறைவுதான். ஆனால் அதே கட்டுரைகள் அதே காலத்தில் அங்கேயும் விழுந்திருந்தன. கூகுள் தன் தரவரிசைக் கணக்கீட்டை மாற்றியதற்காக பிங்கில் சரிவு வர வழியில்லை. அப்டேட்டுக்கும் இதில் ஒரு சிறு பங்கு இருந்திருக்கலாம், இரண்டையும் முழுக்கப் பிரித்துவிட முடியாது. ஆனால் பெரிய காரணம் தளத்துக்குள்ளேதான் இருக்கிறது என்று அன்றைக்குத் தெளிவாகிவிட்டது.

தமிழ் முகவரியில் இருந்த சிக்கல்

இந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்தப் பகுதி.

நிறுவனம் பழைய முகவரிகளைப் புதியவற்றுக்குத் திருப்பிவிடவே இல்லை என்று சொல்ல முடியாது. 301 என்கிற நிரந்தரத் திருப்பத்துக்கு ஒரு பட்டியல் போட்டிருந்தார்கள். வீடு மாறும்போது தபால் நிலையத்தில் புது முகவரி எழுதிக் கொடுக்கிற மாதிரியான வேலை அது. ஆனால் பட்டியலில் இருந்த தமிழ் முகவரிகளில் பெரும்பாலானவை வேலை செய்யவில்லை. ஏன் என்று தெரிந்துகொள்ள வேர்ட்பிரஸ் தமிழ் முகவரியை எப்படிச் சேமிக்கிறது என்று பார்க்க வேண்டும்.

முகவரியில் தமிழ் எழுத்து நமக்குத் தமிழாகத் தெரிந்தாலும், உள்ளே அது விழுக்காட்டுக் குறியோடு சேர்ந்த ஆங்கில எழுத்துகளும் எண்களுமாகத்தான் போகும். ஒரு தமிழ்க் குறியீடு யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட். ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரண்டு எழுத்தும் ஆகும். ஆக ஒரு குறியீட்டுக்கு ஒன்பது இடம். 'கல்சட்டி' என்ற சொல்லில் புள்ளியையும் இகரக் குறியையும் தனித்தனியாக எண்ணினால் எட்டுக் குறியீடு. அந்த ஒரு சொல்லுக்கே 72 இடம் போய்விடும்.

வேர்ட்பிரஸ் ஒரு பக்கத்தின் முகவரித் துண்டுக்கு, அதாவது அந்தப் பக்கத்தைக் குறிக்கும் கடைசிப் பகுதிக்கு, ஒதுக்குவது 200 இடம். அதற்கு மேல் போனால் எதுவும் சொல்லாமல் வெட்டிவிடும். கடைக்கு அதிகம் பேரைக் கொண்டுவந்த கட்டுரையின் தலைப்பு 'கல்சட்டி பழக்குவது எப்படி'. முதல் சொல் 72, 'பழக்குவது' 81, 'எப்படி' 54, நடுவில் இரண்டு கோடு. மொத்தம் 209. ஒன்பது இடம் அதிகம், அதாவது சரியாக ஒரே ஒரு குறியீடு அதிகம். அதனால் பழைய தளத்தில் அந்தப் பக்கத்தின் முகவரி 'எப்படி' என்று முடியவில்லை, கடைசி இகரக் குறி வெட்டுப்பட்டு 'எப்பட' என்று முடிந்திருந்தது.

நிறுவனம் திருப்பப் பட்டியலைத் தயாரித்தது கட்டுரைத் தலைப்புகளைப் பார்த்து. தலைப்பில் 'எப்படி' என்று இருக்கிறது, பட்டியலிலும் 'எப்படி' என்று போட்டார்கள். கூகுள் வைத்திருந்த முகவரியோ 'எப்பட'. இரண்டும் பொருந்தவில்லை. நாலைந்து சொல்லில் தலைப்பு வைத்த கட்டுரைகள் எல்லாமே இப்படி வெவ்வேறு இடத்தில் அறுந்திருந்தன, சில பாதிச் சொல்லோடு நின்றன. ஒரே தொடக்கம் உள்ள இரண்டு தலைப்புகள் வெட்டுப்பட்ட பிறகு ஒன்றாகிவிட்டதால், வேர்ட்பிரஸ் ஒன்றுக்குப் பின்னால் 2 என்ற எண்ணையும் ஒட்டியிருந்தது. தலைப்பை மட்டும் பார்க்கிறவருக்கு இது எதுவுமே தெரியாது.

இதைவிட மோசமானது அடுத்தது. பட்டியலில் பொருந்தாத முகவரி எதுவாக இருந்தாலும் முகப்புப் பக்கத்துக்கு அனுப்பிவிடு என்று ஒரு பொது விதி போட்டிருந்தார்கள். கல்சட்டியை எப்படிப் பழக்குவது என்று தேடி வந்தவர் தீபாவளித் தள்ளுபடிப் படங்கள் வைப்பதற்காகச் செய்த முகப்பில் வந்து இறங்குவார், ஒன்றும் புரியாமல் திரும்பிவிடுவார். சம்பந்தமில்லாத முகப்புக்குத் திருப்புவதை கூகுள் சாஃப்ட் 404 ஆக, அதாவது பக்கமே இல்லை என்பதாக எடுத்துக்கொள்ளும். வெளிப்படையாக 404 என்று வந்திருந்தாலாவது வாடிக்கையாளர் யாராவது பக்கம் திறக்கவில்லை என்று செய்தி அனுப்பியிருப்பார், வீட்டில் இருப்பவர்கள் கவனித்திருப்பார்கள். இந்தப் பொது விதி அதையும் மறைத்துவிட்டது.

சமையல் பற்றி எழுதுகிற சிலர் இந்தக் கட்டுரைகளுக்கு இணைப்பு கொடுத்திருந்தார்கள். யாரும் கேட்டு வாங்கிய இணைப்புகள் அல்ல. 1990களின் பிற்பகுதியில் ஸ்டான்ஃபோர்டில் லாரி பேஜும் செர்கே பிரின்னும் கூகுளைக் கட்டியதே, ஒரு பக்கத்துக்கு மற்றவர்கள் தரும் இணைப்பை அதன் மதிப்புக்கான சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம் என்ற யோசனையின்மேல்தான். இன்று நூற்றுக்கணக்கான வேறு அளவைகளும் சேர்ந்திருந்தாலும் இணைப்புக்கு இன்னும் மதிப்பு உண்டு. அந்த மதிப்பெல்லாம் இப்போது வெட்டுப்பட்ட பழைய முகவரிகளில் தேங்கி நின்றது. இதே நேரத்தில்தான் பணம் கொடுத்துப் புது இணைப்பு வாங்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

படமாகிப் போன எழுத்து

இரண்டாவது காரணம் எளியது, சுருக்கமாகச் சொல்கிறேன். புதுத் தளத்தில் கட்டுரைகளை அழகுபடுத்துவதற்காக, பழக்கும் முறையை ஆறு வண்ண அட்டைகளாக வடிவமைத்து, எழுத்தையும் சேர்த்துப் படமாக ஏற்றியிருந்தார்கள். நம் கண்ணுக்கு எழுத்து, தேடுபொறிக்கு ஆறு படங்கள். படத்துக்கு மாற்று விளக்கமும் எழுதவில்லை. ஒரு காலத்தில் எழுத்துரு சிக்கலுக்குப் பயந்து தமிழ்த் தளங்கள் எல்லாவற்றையும் படமாகப் போட்டன. யூனிகோடு வந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் வடிவமைப்பாளர்களிடம் அந்தப் பழக்கம் போகவில்லை.

கட்டுரைக்குக் கீழே இருந்த கேள்வி பதில் பகுதி, தொட்டால் மட்டும் சேவையகத்திலிருந்து வந்து இறங்கும்படி மாற்றப்பட்டிருந்தது. மடித்து வைத்த பகுதியாக இருந்தாலும் எழுத்து பக்கத்திலேயே இருந்தால் கூகுள் படித்துவிடும். தொட்ட பிறகுதான் வரும் என்றால் படிக்காது, ஏனென்றால் ஊர்வி எதையும் தொடாது. இண்டக்‌ஷன் அடுப்பு, விரிசல், துரு பற்றிய பதில்கள் எல்லாம் அப்படித்தான் காணாமல் போயின.

எடுத்த முடிவுகள்

முதலில், மாதாந்திரத் திட்டத்தை நிறுத்தச் சொன்னேன். பணம் கொடுத்து இணைப்பு வாங்குவது கூகுளின் விதிகளுக்கு எதிரானது. தரவரிசைக்காக மொத்தமாகக் கட்டுரை உற்பத்தி செய்வதையும் அதே 2024 மார்ச்சில்தான் குப்பை என்று பெயர் சொல்லி விதியில் சேர்த்திருந்தார்கள். ஏற்கனவே வந்துவிட்ட சில இணைப்புகளை மறுத்து அறிக்கை கொடுக்கலாமா என்று மருமகள் கேட்டார். வேண்டாம் என்று முடிவு செய்தோம். கைமுறை நடவடிக்கை எதுவும் இல்லை, வந்தவையும் சொற்பம். அப்படி மறுப்பதற்கு கூகுள் தந்திருக்கும் கருவியைத் தேவையில்லாமல் பயன்படுத்தினால் நல்ல இணைப்பையும் சேர்த்து வெட்டிவிடும் அபாயம் உண்டு.

நிறுவனத்தின் அறிக்கையில் மெட்டா கீவேர்டுகள், அதாவது பக்கத்தின் குறிநிரலில் மறைவாக எழுதும் தேடல் சொற்கள், சேர்த்ததைப் பெரிய வேலையாகக் காட்டியிருந்தார்கள். கூகுள் தன் வலைத் தேடல் தரவரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று 2009 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. அதைத் தொடவில்லை.

பழைய தளத்துக்கே திரும்பிவிடலாமா என்று வீட்டில் ஒரு பேச்சு இருந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. பணம் கட்டும் வசதி அவர்களுக்கு உண்மையிலேயே தேவை, தவிர இரண்டாவது முறை எல்லா முகவரியையும் மாற்றுவது குழப்பத்தை இரட்டிப்பாக்கும். புது முகவரிகள் எப்படி இருக்கின்றனவோ அப்படியே இருக்கட்டும், பழையவற்றைச் சரியாகத் திருப்புவோம் என்று முடிவானது.

அதற்குப் பழைய முகவரிகள் முழுதாக வேண்டும். தலைப்புகளை நம்பாமல், தேடுபொறியும் மனிதர்களும் உண்மையில் வைத்திருக்கும் முகவரிகளைத் திரட்டினோம்: சர்ச் கன்சோலின் பக்கப் பட்டியல், பழைய தரவுத்தளத்தின் காப்பு நகல், இணைய ஆவணக் காப்பகத்தில் கிடைத்த பழைய தள வரைபடம் (தளத்தின் பக்க முகவரிகளைத் தேடுபொறிக்குச் சொல்லும் கோப்பு). மூன்றையும் ஒப்பிட்டபோது ஒன்றில் இல்லாதது இன்னொன்றில் இருந்தது. பிறகு ஒவ்வொரு பழைய பக்கத்துக்கும் அதே பொருளைப் பேசும் புதுப் பக்கம் எது என்று உட்கார்ந்து எழுதினோம். இந்த வேலையை மருமகள்தான் செய்தார், அவரால்தான் செய்ய முடியும். எந்தக் கட்டுரை எந்தக் கட்டுரையோடு சேர்க்கப்பட்டது, எது அடியோடு விடுபட்டது என்பது அவருக்கு மட்டுமே தெரியும். இணையான பக்கம் இல்லாத சிலவற்றை முகப்புக்கு அனுப்பாமல் 404 ஆகவே விட்டோம்.

இன்னொரு நுட்பம்: வேர்ட்பிரஸ் அந்த விழுக்காட்டுக் குறியீடுகளைச் சிறிய ஆங்கில எழுத்தில் வைக்கிறது, வேறு கருவிகள் பெரிய எழுத்தில் வைக்கின்றன. திருப்பம் இரண்டு வடிவத்துக்கும் வேலை செய்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதித்த பிறகே விட்டோம்.

படங்களுக்குள் இருந்த எழுத்தைக் காப்பு நகலிலிருந்து எடுத்து மறுபடி எழுத்தாகவே போட்டோம். புதுத் தளத்தில் சுருக்கப்பட்டிருந்த கட்டுரைகள் பழைய நீளத்துக்கு வந்தன. மாமியாரின் கையால் பழக்கிய சட்டியை முதல் நாளிலிருந்து எடுத்த புதுப் புகைப்படங்களும் சேர்ந்தன. அது என் யோசனை அல்ல, அத்தையே கேட்டாராம், "பாதி நாள் ஆன சட்டி என்ன நிறத்துல இருக்கும்னு காட்டாம எப்படிப் புரியும்?" என்று. மிகச் சரியான கேள்வி.

தேடுகிறவர்கள் எப்படித் தட்டச்சு செய்கிறார்கள் என்பதையும் பார்த்தோம். தமிழ் எழுத்தில் தேடுகிறவர்கள் ஒரு கூட்டம், தமிழையே ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர்கள் அதைவிடப் பெரிய கூட்டம். அந்த இரண்டாவது கூட்டத்திலும் ஒரே சொல்லுக்கு நாலைந்து எழுத்துக்கூட்டல். எல்லா வடிவத்தையும் பக்கத்தில் கொட்டவில்லை. பொருளின் பெயரில் தமிழ் வடிவத்தோடு பரவலான ஆங்கில எழுத்து வடிவம் ஒன்றை மட்டும் சேர்த்தோம். மற்ற எழுத்துக்கூட்டல்களைத் தேடுபொறி தானே பொருத்திக்கொள்ளும்.

படங்களின் அளவைக் குறைத்தோம். கைபேசியில் பக்கத்தின் பெரிய பகுதி தெரிய எடுக்கும் நேரம் 2.5 நொடிக்குள் இருப்பது நல்லது என்பது கூகுள் சொல்லும் அளவு, முன்பு அதைவிட மிக அதிகமாக இருந்தது. வாடிக்கையாளர்களுக்கு இது நல்லது என்பதால் செய்தோம், தரவரிசையை இதனால் தூக்கிவிடலாம் என்று எண்ணவில்லை.

அதன் பிறகு

திருப்பங்கள் ஜூனில் முழுதாக இயங்கத் தொடங்கின. பழக்கும் முறைக் கட்டுரை சில வாரங்களில் முதல் பக்கத்துக்குத் திரும்பியது. அதிகம் பேர் வந்துகொண்டிருந்த மற்ற கட்டுரைகளும் ஜூலை, ஆகஸ்டில் ஒவ்வொன்றாக வந்தன. விழும்போது இருந்த அதே வரிசைதான், ஊர்வி அடிக்கடி வரும் பக்கம் முதலில். சில மாதங்களுக்கு ஒருமுறை மட்டும் யாரோ தேடுகிற சின்னக் கட்டுரைகள் ஆண்டு இறுதி வரை இழுத்தன.

எல்லாம் பழைய நிலைக்கு வரவில்லை. 'கல்சட்டி' என்று வெறும் ஒரு சொல்லைத் தேடினால் இப்போது பெரிய விற்பனைத் தளங்கள்தான் மேலே நிற்கின்றன. இந்தக் கடை அந்தச் சொல்லில் இழந்த இடத்தைத் திரும்பப் பிடிக்கவில்லை. பழக்கும் முறைக் கட்டுரைக்கு மேலேயும் இப்போது காணொளிகள் வருகின்றன. மறுபுறம், இண்டக்‌ஷன் பற்றிய கேள்விக்கும் விரிசல் பற்றிய கேள்விக்கும் முன்பைவிட நல்ல இடம் கிடைத்தது. அந்தப் பதில்கள் முன்பு நீளமான கட்டுரைக்கு அடியில் கிடந்தன, இப்போது தனிப் பக்கமாக, படத்தோடு இருக்கின்றன.

நடுவில் ஒரு குழப்பம் வந்தது. ஆகஸ்டில் வருகிறவர்கள் கூடிக்கொண்டிருந்தபோது, சர்ச் கன்சோலில் சராசரி இடம் மோசமாகிக்கொண்டே போனது. வீட்டில் எல்லாரும் பயந்துவிட்டார்கள். காரணம் இதுதான்: எழுத்து திரும்ப வந்ததும், முன்பு எங்குமே தெரியாத நிறையத் தேடல்களுக்கு இந்தப் பக்கங்கள் நாற்பதாவது ஐம்பதாவது இடத்தில் தலைகாட்டத் தொடங்கியிருந்தன. அவையும் சேர்ந்து சராசரியைக் கீழே இழுத்தன. முக்கியமான தேடல்களைத் தனியே வடிகட்டிப் பார்த்தபோது இடம் ஏறித்தான் இருந்தது. மொத்தச் சராசரியை வைத்து முடிவெடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதேபோலத் தன் கைபேசியில் தானே தேடிப் பார்த்துத் திருப்திப்படுவதும், இருக்கும் ஊரைப் பொறுத்து முடிவு மாறுமென்பதால், பயன் தராது.

விற்பனை என்ன ஆனது என்பதுதான் குடும்பத்துக்கு முக்கியம். அடுத்த பொங்கல் சமயத்தில் ஆர்டர்கள் முந்தைய பொங்கலைவிடக் கூடுதல் என்றார் மருமகள். தேடல் வழியாக வருகிறவர்களின் எண்ணிக்கை பழைய அளவை அப்போதும் முழுதாக எட்டியிருக்கவில்லை. பணம் கட்டும் வசதியால் வருகிறவர்களில் வாங்குகிறவர்கள் கூடியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன், ஆகவே தளத்தை மாற்றியது தவறான முடிவு அல்ல.

இனி மாற்றிச் செய்வது

தளத்தை மாற்றும் முன்பே பழைய முகவரிகளின் முழுப் பட்டியலை எடுத்து வைப்பது முதல் வேலை. தலைப்பிலிருந்து எடுக்கக் கூடாது, தரவுத்தளத்திலிருந்தும் சர்ச் கன்சோலிலிருந்தும் எடுக்க வேண்டும். ஒப்பந்தத்திலேயே, எந்தப் பழைய முகவரி எந்தப் புது முகவரிக்குப் போகும் என்ற அட்டவணையைத் தளம் வெளியாகும் முன் கொடுக்க வேண்டும் என்று எழுதிக்கொள்ளலாம். அதைக் கொடுக்கத் தயங்கும் நிறுவனத்திடம் வேலையை ஒப்படைக்காமல் இருப்பது நல்லது.

வேர்ட்பிரஸ்ஸில் தமிழில் எழுதுகிறவர்கள் முகவரித் துண்டைத் தலைப்பிலிருந்து தானாக உருவாக விடாமல், இரண்டு சொல்லுக்குள் தாங்களே சுருக்கி வைக்கலாம். 200 இடத்தில் தமிழ்க் குறியீடு அதிகபட்சம் 22தான் கொள்ளும். தமிழில் முகவரி வைப்பதால் தரவரிசைக்கு எந்தக் கெடுதலும் இல்லை, ஆகவே ஏற்கனவே இருப்பதைப் பயந்துபோய் மாற்றவும் வேண்டாம்.

சர்ச் கன்சோல் உரிமை குடும்பத்தின் பெயரிலேயே இருக்க வேண்டும், நிறுவனத்துக்குப் பார்க்கும் அனுமதி மட்டும் போதும். திருப்பங்களை குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். இவர்கள் அவற்றை எடுக்கப் போவதே இல்லை, ஏனென்றால் சமையல் பக்கங்களில் இருக்கும் பழைய இணைப்புகளை யாரும் திருத்தப் போவதில்லை. பெரிய புதுப்பிப்பு நடக்கிற நாட்களில் தளம் மாற்றுவதையும் தள்ளிப்போடலாம். புதுப்பிப்பு தொடங்குவதையும் முடிவதையும் கூகுள் தன் நிலவரப் பக்கத்தில் தேதியோடு அறிவிக்கிறது, இரண்டும் ஒன்றாக நடந்தால் காரணத்தைப் பிரிப்பது எவ்வளவு கடினம் என்று இங்கே பார்த்தோம்.

கட்டுரை வேலை இன்னும் நடக்கிறது. வாட்ஸ்அப்பில் வரும் கேள்விகளை மருமகள் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறார், ஒரே கேள்வி பலமுறை வந்தால் அத்தையோடு உட்கார்ந்து அதற்குத் தனிப் பக்கம் எழுதுகிறார். அடுத்து எழுத இருப்பது மண்சட்டி பழக்குவது பற்றி. முகவரித் துண்டு இரண்டே சொல்: 'மண்சட்டி-பழக்குதல்'. எண்ணிப் பார்த்தோம், 154 இடம்.